அலபாமாவில் நீலக் கிளாஸில் டீ

போனவர்கள் யார் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பேண்டு மாஸ்டர் தேவராஜ், டிரம்பெட். செல்வம், கிளாரினெட். தாஸ், யூபோனியம். ஏழுமலை, சைடு டிரம். அவன் தம்பி முனிரத்தினம், அவனும் சைடு டிரம். நான், பெரிய டிரம். இங்கிலீஷ் பேச்சுக்கு ஸ்டெல்லா டீச்சர். டீச்சர் ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸ். மற்ற எல்லாரும் வெள்ளானூர் காலனி.

பேண்டு வாசிப்பது முகூர்த்த நாளில். மற்ற நாளில் ஆளுக்கு ஒரு வேலை. மாஸ்டர் பெயிண்டர். ஏழுமலை லாரி கிளீனர். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் லோடு ஏற்றுகிறவன். படிப்பு ஐந்தாவது. எழுதச் சொன்னது டீச்சர். "பார்த்ததை எழுதுங்க, பெருசா எதுவும் சேர்க்காதீங்க" என்றார். சேர்க்க எனக்குத் தெரியாது.

தொண்ணூறுகளின் ஆரம்பம். ஆவடியில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை அமெரிக்காவில் படித்தவர். அவருக்காக அங்கிருந்து ஒரு பாஸ்டர் வந்திருந்தார். கறுப்பர். நல்ல உயரம். பெயர் வில்லி. ஊர்வலம் முழுக்க எங்கள் முன்னால் ஆடிக்கொண்டே வந்தார். கோட்டு நனைந்து முதுகில் ஒட்டிவிட்டது.

ஊர்வலம் முடிந்ததும் ஜனங்கள் பந்திக்குப் போனார்கள். எங்களுக்கு வழக்கம்போல ஷாமியானாவுக்குப் பின்னால், ஜெனரேட்டர் பக்கத்தில். பேண்டுக்காரன் முன்னாடி நடப்பான், பின்னாடி சாப்பிடுவான். எங்கே போனாலும் அப்படித்தான்.

பாஸ்டர் எங்களைத் தேடிக்கொண்டு அங்கே வந்தார். தன் இலையை இரண்டு கையிலும் ஏந்தியிருந்தார். சாம்பார் முழங்கை வரை ஒழுகியது. எங்கள் நடுவில் தரையில் உட்கார்ந்தார். கல்யாணத்துக்கு வந்திருந்த டீச்சரைக் கூப்பிட்டு எங்களிடம் சொல்லச் சொன்னார். "எங்க ஊர்ல வருஷா வருஷம் ஒரு ஊர்வலம் போவோம். நீங்க வந்து வாசிக்கணும். எங்களோட நடந்தவங்க எங்களோட ஒரே மேஜையில சாப்பிடுவாங்க. இது என் வாக்கு."

மாஸ்டர் அதை நம்பவில்லை. மறக்கவும் இல்லை. நிஜமாகவே கடிதம் வந்தது. டிக்கெட்டு முதலான எல்லாவற்றையும் அவர்கள் சபையே பார்த்துக்கொண்டது. புறப்படுகிற அன்றைக்கு மாஸ்டர் என்னிடம் மட்டும் சொன்னார். "அந்த மேஜ எப்டி கீதுன்னு பாத்துட்டு வந்துரலாம்பா. அதுக்குத்தான் நான் வர்றேன்."

அலபாமாவில் இறங்கி வெளியே வந்ததும் வெயில் மூஞ்சியில் அடித்தது. ஆவடி வெயில்தான். கசகசப்பும் அதேதான். இவ்வளவு தூரம் பறந்து வந்து அதே வெயிலா என்று தாஸுக்கு ஏமாற்றம். அவன் ஸ்வெட்டர் கொண்டுவந்திருந்தான்.

வேன் ஓட்டிக்கொண்டு வந்தவர் பெயர் ஜூனியர். தலை நரைத்திருந்தது.

"இவுரே ஜூனியருன்னா சீனியரு எங்க கீறாரு?" என்றான் செல்வம். டீச்சர் அதை மொழிபெயர்க்கவில்லை.

ஜூனியர் என் டிரம்மை விரலால் ஒரு தட்டுத் தட்டினார். என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அதற்கப்புறம் அந்த ஊரில் இருந்த வரைக்கும் டிரம்மை அவர்தான் தூக்கினார்.

சின்ன ஊர். நடுவில் ரயில் தண்டவாளம். தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் பெரிய வீடு, புல்தரை, வெள்ளைக்காரர்கள். அந்தப் பக்கம் மர வீடு, கறுப்பர்கள். வேலி எதுவும் கிடையாது. முனிரத்தினம் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தான். "இன்னாணா, இந்தப் பக்கம் ஊரு, அந்தப் பக்கம் காலனியா?" என்றான். யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. அவனே கண்டுபிடித்துவிட்டான்.

சாப்பாடு சபை ஹாலில். சமையல்கட்டு மிஸ் ஒடெசா கையில் இருந்தது. அறுபது வயது இருக்கும். ஊரில் சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவர் மிஸ் ஒடெசாதான். பாஸ்டரே அவர் முன்னால் குரலைத் தணித்துப் பேசினார்.

வெண்டைக்காயை வட்டமாக நறுக்கி மாவில் புரட்டிப் பொரித்திருந்தார். கெளுத்தி மீனும் அதே மாதிரி. சோள மாவில் ஒரு ரொட்டி. கீரை. வெள்ளையாக ஒரு களி, அதன்மேல் வெண்ணெய். ஏழுமலை களியில் எலுமிச்சை ஊறுகாய் போட்டுப் பிசைந்தான். நன்றாக இருந்தது. காரம் மட்டும் இல்லை. தாஸ் பைக்குள்ளிருந்து பருப்புப் பொடியை எடுத்தான். அந்த விஷயத்தில் அவன் முன்யோசனைக்காரன்.

பிறகு டீ வந்தது. பால் இல்லை, சூடு இல்லை. பாகு மாதிரி இனிப்பு. மேலே ஐஸ் கட்டி. நீலக் கண்ணாடி கிளாஸில் வந்தது. கனமான கிளாஸ், வரிவரியாக இருந்தது. மிஸ் ஒடெசா தன் வீட்டிலிருந்து அட்டைப் பெட்டியில் கொண்டுவந்து, ஒவ்வொன்றையும் துணியால் துடைத்து எங்கள் முன்னால் வைத்தார்.

நாங்கள் எடுத்தோம். அண்ணாந்தோம். ஊற்றிக்கொண்டோம். டீச்சரும் அப்படித்தான், சுத்தத்துக்கு என்பார்.

வீட்டில் நாங்கள் வாய் வைத்துத்தான் குடிப்போம். வெளியே தூக்கித்தான் குடிப்போம். வாசிக்கப் போன இடத்தில் எங்கள் வாய் ஒரு சொம்பில் பட்டுவிட்டால் அந்தச் சொம்பை அப்புறம் அந்த வீட்டில் யாரும் எடுக்கமாட்டார்கள். சின்ன வயதிலிருந்து பழக்கம். அடுத்தவர் ஏனம் என்றால் கழுத்து தானாகப் பின்னால் சாயும்.

ஐஸ் போட்ட டீயை அப்படிக் குடிக்கக் கூடாது. கட்டி கடைசியில் மொத்தமாக வரும். செல்வத்துக்கு ஒன்று கண்ணில் விழுந்தது. இன்னொன்று சட்டைக்குள் போனது. எழுந்து குதித்தான். பாஸ்டர் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். ஹாலே சிரித்தது.

மிஸ் ஒடெசா சிரிக்கவில்லை. கிளாஸ்களை எடுக்க வந்தவர் அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். ஏதோ சொல்லிவிட்டு உள்ளே போனார். நான் டீச்சரைப் பார்த்தேன். "அவங்க பேசறது எனக்கே பாதிதான் புரியுது" என்றார்.

மறுநாள் பாஸ்டர் ஊரைச் சுற்றிக் காட்டினார். ரயில் ஸ்டேஷன் சுவரில் இரண்டு இடத்தில் சிமெண்டு பூசி அடைத்திருந்தது. முன்னே அங்கே இரண்டு குழாய் இருந்ததாம். ஒன்று வெள்ளையருக்கு, ஒன்று கறுப்பருக்கு. "உள்ள ஒரே பைப்புதான். ஒரே தண்ணிதான்" என்றார் பாஸ்டர்.

"நம்மூருல கெணறே ரெண்டு" என்றான் செல்வம். "நம்மாளுங்க செலவு பத்தி யோசிக்கவே மாட்டானுங்க."

டீச்சர் இதைச் சொன்னார். பாஸ்டர் பலமாகச் சிரித்தார். கொஞ்ச தூரம் நடந்த பிறகு நின்று, "நிஜமாவா?" என்று கேட்டார். மாஸ்டர் நிஜம்தான் என்று தலையாட்டினார்.

ஒரு பழைய சினிமாக் கொட்டகை. பக்கவாட்டில் இரும்பு ஏணிப்படி. கறுப்பர்கள் அந்த வழியாக ஏறி மேலே பால்கனியில்தான் உட்கார வேண்டுமாம். ஏழுமலைக்கு அது விளங்கவேயில்லை. "பால்கனியா? நம்மூர்ல அதுதான மாமே காஸ்ட்லி" என்றான்.

கடைசியாக ஒரு பூக்கடை. முன்னே அது சாமான் கடையாம். உள்ளே நீளமாக ஒரு கவுண்டர் வைத்துச் சாப்பாடும் போட்டிருக்கிறார்கள். கறுப்பர்கள் சாமான் வாங்கலாம். கவுண்டரில் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது. தரையில் வட்ட வட்டமாகத் தழும்பு இருந்தது. ஸ்டூலை இறுக்கியிருந்த இடம். மாஸ்டர் குனிந்து ஒரு வட்டத்தைத் தொட்டுப் பார்த்தார்.

சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தோம். அதே ஹால், அதே மேஜை. எங்கள் முன்னால் காகிதக் கப். மற்றவர்கள் முன்னால் கண்ணாடி கிளாஸ். மிஸ் ஒடெசா வைத்துவிட்டு எங்கள் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்.

டீச்சர் தன் கப்பை எடுத்துக் குடித்தார். "நல்லதாப் போச்சு, குடிச்சிட்டுத் தூக்கிப் போட்டுடலாம்" என்றார். அவர் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர். அவருக்கு அது வெறும் கப்.

செல்வம் என் காதோரம் சொன்னான். "மாமே. தனி டம்ளரு."

மாஸ்டர் கப்பைத் தொடவில்லை. சாப்பாட்டையும் பாதியில் வைத்துவிட்டார். வெளியே மரத்தடிக்கு வந்ததும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"மேஜயப் பாத்தாச்சு. ஊர்வலத்துக்கு நான் வாசிக்கல. நீங்க வாசிச்சா வாசிங்க."

"இன்னா நைனா, அவ்ளோ பேரு நம்பளயே எதிர்பாத்துகினு கீறாங்க" என்றான் தாஸ்.

"கேட்டுப் பாக்கலாமே" என்றேன் நான்.

"இன்னான்னு கேப்ப? எனுக்கு ஏன் கண்ணாடி வெக்கலன்னா? அத்த வாயத் தொறந்து கேக்கறதுக்குள்ள உசுரு பூடும்பா."

மாஸ்டர் வாசிக்காவிட்டால் நாங்களும் வாசிக்க மாட்டோம். அதை யாரும் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரியும்.

அடுத்த நாள் ஜூனியர் எங்களை ஆறு பார்க்கக் கூட்டிப்போனார். வாத்தியங்களும் வேனில்தான் இருந்தன. பாதி வழியில் வேன் நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் பருத்திக் காடு. ஒரு வீடு கண்ணில் படவில்லை.

வண்டி நின்றால் எங்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆவடியில் நாங்கள் தள்ளாத பஸ் கிடையாது. ஏழுமலை குதித்து இறங்கினான். எல்லாரும் பின்னால் போய்த் தோள் கொடுத்தோம். "ஐலசா, தள்ளு" என்று தாஸ் குரல் கொடுக்க, வேன் நன்றாக ஓடியது. "கிளட்ச்ச உடு, கிளட்ச்ச உடு" என்று ஏழுமலை கத்திக்கொண்டே ஓடினான். ஜூனியர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். ஒரு மேடு வந்ததும் வேன் நின்றது. நாங்களும் நின்றோம்.

டீச்சர் கேட்டுச் சொன்னார். அந்த வண்டியில் கிளட்ச்சே கிடையாதாம். தானாகவே கியர் மாறுமாம். எவ்வளவு தள்ளினாலும் ஸ்டார்ட் ஆகாதாம்.

ஏழுமலை உள்ளே தலையை விட்டுப் பார்த்தான். "அப்போ எடது காலு எதுக்கு?" என்றான்.

"அது தாளம் போடறதுக்கு" என்றார் ஜூனியர்.

நிழலில் உட்கார்ந்தோம். யாராவது வந்தால் உண்டு. மாஸ்டர் மட்டும் தள்ளி நின்றார். நான் டீச்சரிடம் சொன்னேன். "ஒண்ணு கேளுங்க. எங்களுக்கு மட்டும் ஏன் காகிதக் கப்."

டீச்சர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு கேட்டார். ஜூனியர் சிரிப்பை நிறுத்தினார்.

"நீங்க கேட்டதுதானே அது" என்றார்.

"நாங்க எதுவும் கேக்கலையே."

ஜூனியர் தலையை அண்ணாந்து, வெறும் கையைத் தூக்கி, ஊற்றிக்கொள்வது போலக் காட்டினார். "இப்படிக் குடிச்சீங்க. எல்லாரும். அவங்க கிளாஸ்ல ஒருத்தர் வாய் கூடப் படலை."

பிறகு அவர் சொன்னதை டீச்சர் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். அந்தக் கவுண்டர் இருந்த கடையில் மிஸ் ஒடெசா கிளாஸ் கழுவுகிற வேலையில் இருந்தார். நாள் பூராக் கழுவலாம். அதில் ஒரு வாய் குடிக்கக் கூடாது. அவருக்கென்று பின்கட்டில் ஒரு பழைய ஜாம் பாட்டில். ஒரு மத்தியானம், கட்டின ஏப்ரனோடு, பின்னாலிருந்து சுற்றிக்கொண்டு முன்னால் வந்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். ஐஸ் டீ கேட்டார். முதலாளி கத்தினான். சாப்பிட வந்த ஒருவன் தக்காளிச் சாஸை அவர் தலையில் கொட்டினான். அவர் எழுந்திருக்கவில்லை. கடை மூடும்வரை உட்கார்ந்திருந்தார். வேலை போனது. மறுநாளும் போய் உட்கார்ந்தார். அன்றைக்குக் கூட ஆட்கள் இருந்தார்கள். ஜூனியருடைய அம்மாவும் ஒருவர்.

"அந்த டீ கெட்ச்சுதா?" என்றான் முனிரத்தினம்.

"கிடைச்சுது. சட்டம் வந்த பிறகு. ஒரு வாய் குடிச்சுட்டு, சர்க்கரை பத்தலைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க" என்றார் ஜூனியர்.

எல்லாரும் சிரித்தோம். மாஸ்டர் பக்கத்தில் வந்திருந்தார்.

"அப்புறம் சம்பாதிச்சு அவங்க முதல்ல வாங்கினது அந்த நீலக் கிளாஸ் பெட்டி. யார் வந்தாலும் அதுலதான் டீ. நீங்க வந்த அன்னைக்கு என் அம்மாகிட்ட சொன்னாங்களாம். பூமிக்கு அந்தப் பக்கத்திலேருந்து வந்திருக்காங்க, நம்ம நிறம்தான், அவங்களும் என் கிளாஸ்ல வாய் வைக்க மாட்டேங்கறாங்கன்னு. சரி, விருந்தாளிங்க, சங்கடப்பட வேணாம்னு யார் வாயும் படாத புதுக் கப்பா வாங்கி வெச்சாங்க."

மாஸ்டர் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்தார்.

"அடக் கஷ்டமே" என்றார். "நம்ப வாயி அழுக்குன்னு நாம தூக்கிக் குட்ச்சா, தன் கிளாஸு அழுக்குன்னு அந்தம்மா நெனச்சுகினு கீது."

டீச்சர் உடனே மொழிபெயர்க்கவில்லை. மாஸ்டரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இவ்வளவு வருஷம் எங்கள் பக்கத்து ஊர். நாங்கள் எதற்காகத் தூக்கிக் குடிக்கிறோம் என்று அவருக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது போல. பிறகு சொன்னார். ஜூனியர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். செல்வமும் ஆரம்பித்தான். அதற்கப்புறம் யாராலும் நிறுத்த முடியவில்லை. மாஸ்டர் கூடச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

அப்போது ஒரு திறந்த வண்டி வந்து நின்றது. வயதான வெள்ளைக்காரர் ஒருவர் இறங்கினார். ஜூனியர் எழுந்து நின்றார். தொப்பி கைக்கு வந்துவிட்டது. "சார்" போட்டுப் பேசினார். அந்தக் குரல் எனக்குத் தெரியும். என் அப்பா நிலத்துக்காரர் வீட்டு வாசலில் நின்று பேசுகிற குரல். டீச்சர் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

வெள்ளைக்காரர் கெட்டவர் இல்லை. வயர் போட்டு பேட்டரிக்கு உயிர் கொடுத்தார். வாத்தியங்களைப் பார்த்து ஒரு பாட்டுக் கேட்டார். நாங்கள் மாஸ்டரைப் பார்த்தோம். மாஸ்டர் பெட்டியைத் திறந்து டிரம்பெட்டை எடுத்தார். பருத்திக் காட்டு நடுவில் ஒரு கல்யாணப் பாட்டு வாசித்தோம். அவர் கை தட்டினார். ஒரு கூடை பீச் பழம் கொடுத்துவிட்டுப் போனார். வண்டி மறைந்ததும் ஜூனியருக்குத் தன் குரல் திரும்பி வந்தது. பழம் நன்றாக இருந்தது.

நேராக ஹாலுக்குப் போனோம். மிஸ் ஒடெசா சமையல்கட்டில் மாவு பிசைந்துகொண்டிருந்தார். நாங்கள் வாசலில் நின்றோம். மாஸ்டர் உள்ளே போனார். அலமாரியில் நீலக் கிளாஸ்கள் இருந்தன. ஒன்றை எடுத்தார். பாத்திரத்திலிருந்து டீயை மொண்டுகொண்டார். மிஸ் ஒடெசா கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

மாஸ்டரின் கழுத்து கொஞ்சம் பின்னால் சாய்ந்தது. பழக்கம். அதை அவர் நிறுத்தி நேராக்கினார். வாய் வைத்தார். நிதானமாகக் குடித்தார். பாதி கிளாஸ் மிச்சம் இருந்தது.

டீச்சர் விஷயத்தைச் சொன்னார். இந்த முறை டீச்சருக்கு இங்கிலீஷ் தடுமாறியது.

மிஸ் ஒடெசா கடைசிவரை கேட்டார். மாவுக் கையை ஏப்ரனில் துடைத்தார். மாஸ்டர் கையிலிருந்த கிளாஸை வாங்கினார். கழுவவில்லை. மாஸ்டர் வாய் வைத்த இடத்திலேயே வாய் வைத்து, மிச்சத்தைக் குடித்து முடித்தார்.

"அப்போ நேத்து நீங்க தொடாம வெச்ச டீயை நான் சும்மாதான் கொட்டினேனா?" என்றார்.

காகிதக் கப் கட்டு ஒன்று ஜன்னல் ஓரம் இருந்தது. அதை எடுத்து ஏழுமலையிடம் கொடுத்துக் குப்பைத் தொட்டியைக் காட்டினார். பிறகு எங்களை வரிசையாக நிற்க வைத்து ஆளுக்கு ஒரு கிளாஸ் டீ கொடுத்தார். ஒவ்வொருவன் உதட்டையும் பார்த்துக்கொண்டே நின்றார். செல்வம் பயந்துகொண்டே குடித்தான். "ஐஸு எங்கயும் உழலபா" என்றான்.

ஊர்வலம் அன்றைக்கு மறுநாள். எங்கள் சிவப்புக் கோட்டைப் பார்த்து அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பேண்டுப் பையன்களுக்குப் பொறாமை. அவர்கள் வாத்தியத்தைப் பார்த்து எங்களுக்குப் பொறாமை. பாம்பு மாதிரி உடம்பைச் சுற்றிக்கொள்ளும் பித்தளைக் குழல் ஒன்று. தாஸ் அதைத் தடவிக்கொண்டே இருந்தான்.

சபையிலிருந்து புறப்பட்டோம். மாஸ்டர் டிரம்பெட் முன்னால். சபை ஜனம் பின்னால். நாற்காலி வண்டியில் கிழவர்கள், தோளில் குழந்தைகள். முதலில் கல்யாணப் பாட்டு. அவர்கள் மரியாதையாக நடந்தார்கள். கை சூடேறியதும் எனக்குத் தெரியாமலே சாவு அடிக்கு மாறிவிட்டேன். ஏழுமலை திரும்பி முறைத்தான். அதற்குள் பின்னால் ஆட்டம் ஆரம்பமாகிவிட்டது. நம்மூர்ச் சாவுக்கு அந்த ஆட்டம் யாரும் ஆடியதில்லை. பாம்புக் குழல் பையன் என் அடியைப் பிடித்துக்கொண்டான். பாஸ்டர் கோட்டைக் கழற்றிச் சுற்றினார். மிஸ் ஒடெசா தொப்பியில் பூ வைத்திருந்தார். பூ ஒரு பக்கம் ஆட அவர் ஒரு பக்கம் ஆடினார்.

ரயில் கேட் வந்ததும் எல்லாரும் நின்றார்கள். நாங்களும் வாசிப்பை நிறுத்தினோம். முன்னே ஒருமுறை உரிமை கேட்டு நடந்தபோது இந்த இடத்தில்தான் போலீஸ் அவர்களை மறித்து நாயை விட்டதாம். பெரிய குழாயில் தண்ணீர் அடித்ததாம். ஜூனியர் அப்போது பையன். மேல்வாயில் இல்லாத பல்லை எங்களுக்குக் காட்டினார்.

கேட் அருகில் இப்போதும் ஒரு போலீஸ்காரர் நின்றார். வெள்ளைக்காரர், சின்ன வயசு. எங்களுக்காகக் கையை நீட்டி இரண்டு பக்கமும் கார்களை நிறுத்தி வைத்திருந்தார். ஜூனியர் சொன்னார். "அன்னைக்கு இவங்க மாமன் எங்களை நிறுத்தினான். இன்னைக்கு இவன் காரை நிறுத்தறான்."

மாஸ்டர் டிரம்பெட்டைத் தூக்கினார். தண்டவாளத்தைத் தாண்டினோம். கோர்ட்டுப் படிக்கட்டு வரைக்கும் நான் அடித்த அடிக்கு டிரம் தோல் தளர்ந்துபோனது.

சாப்பாட்டு நேரம். ஹால் நிறைய ஜனம். யாரும் உட்காரவில்லை. மிஸ் ஒடெசா கரண்டியோடு குறுக்கே நின்றார். பேண்டு உட்கார்ந்த பிறகுதான் மற்றவர்கள் என்றார். நீள மேஜையின் நடுவில் எங்களை வைத்தார். மாஸ்டர் மேஜையை உள்ளங்கையால் தடவினார். பெயிண்டர் அல்லவா.

"வார்னிஷ் அட்ச்சு நாளாச்சு" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

கிளம்பும்போது மிஸ் ஒடெசா ஒரு நீலக் கிளாஸைத் துணியில் சுற்றி அவரிடம் கொடுத்தார். விமானத்தில் மாஸ்டர் அதை மடியில் வைத்துக்கொண்டே வந்தார். தாஸ் ஸ்வெட்டர் அங்கேதான் உதவியது. அதைக் கிளாஸுக்குச் சுற்றினார். மாஸ்டர் வீட்டில் இப்போது யார் போனாலும் அதில்தான் டீ.

திரும்பி வந்த பிறகு வந்த முதல் முகூர்த்தம் பூந்தமல்லி பக்கம் ஒரு மண்டபத்தில். மாப்பிள்ளை அழைப்பு வாசித்து முடித்தோம். பந்திக்கு ஜனம் ஓடியது. எங்களுக்கு வழக்கம்போலப் பின்கட்டில் பாய் போட்டிருந்தது. மாஸ்டர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. சிவப்புக் கோட்டோடு முதல் பந்தி நாற்காலியில் போய் உட்கார்ந்தார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அவர் பக்கத்தில் வரிசையாக உட்கார்ந்தோம்.

பெண்ணின் மாமா வந்தார். "இன்னா மாஸ்டர், இங்க உக்காந்துகினு கீற? உங்களுக்குப் பின்னாடி போட்டு வெச்சிகீது."

"பசிக்குது அண்ணாத்தே. இங்கயே போடச் சொல்லு" என்றார் மாஸ்டர்.

"ஜனங்க நிக்கறாங்கபா."

"நாங்க மட்டும் இன்னா, இவ்ளோ நேரம் படுத்துகினா வந்தோம்?" என்றான் செல்வம்.

மாமாவுக்கு முகம் சிவந்தது. இலைக்கட்டோடு வந்த ஆள் எங்களிடம் வந்து நின்றுவிட்டான். மாமாவைப் பார்த்தான். எங்களைப் பார்த்தான். மிஸ் ஒடெசா ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தார். நான் கையை மேஜைமேல் வைத்துக்கொண்டேன்.

எங்களுக்கு அடுத்த நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஃபேக்டரி ஷிப்டு முடித்து நேராக வந்தவர் போல. அவருக்கு எங்களைப் பற்றி அக்கறை இல்லை. இலை வரிசையாகத்தான் வரும். எங்களைத் தாண்டித்தான் அவருக்கு.

"ஏம்பா, போட்டுகினே வாப்பா. அவங்களுக்குப் போட்டாத்தான எனுக்கு வரும்" என்றார். "பசி உயிர் போவுது."

அவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களும் குரல் கொடுத்தார்கள். மாமா இரண்டு பக்கமும் பார்த்தார். வாயைத் திறந்தார். பிறகு வேறு வேலை இருப்பது போல வாசல் பக்கம் போய்விட்டார்.

ஆள் கட்டைப் பிரித்தான். ஸ்டீல் டம்ளரில் தண்ணீர் வைத்தார்கள். மாஸ்டர் எடுத்தார். வாய் வைத்துக் குடித்தார். நாங்களும் குடித்தோம்.

முதல் பந்தி. பேண்டுக்கு இலை: ஆறு.